குறிஞ்சி கார்டனின் நூறு சதவீதச் சம்மதம்

அந்தச் சேர்ல வேண்டாங்க, கால் ஆடும், இதுல உக்காருங்க. மேல் போர்ஷன் சாவி எங்க வீட்டம்மாகிட்ட இருக்குது. வீடு பாக்க வந்தவங்களைக் காக்க வெக்கறது எனக்குப் புடிக்காதுங்க. ஆனா இந்த வீட்டுல இப்ப நான் சொல்லி எதுவும் நடக்கறதில்லை. போன் பண்ணிச் சொல்லிட்டேன், வந்துருவா. பக்கத்துலதான் இருக்கறா. எந்நேரமும் அங்கயேதான் இருக்கறா, அதாங்க என் தலையெழுத்து.

ஏனுங்க, ஜன்னலையே பாக்கறீங்க? அதுங்களா? காம்பவுண்டுச் சுவத்துக்கு அந்தப் பக்கம் பச்சைத் தகரம் போட்டிருக்குதே, அது குப்பைக் கொட்டகை. மரியாதையாச் சொல்றதுன்னா பசுமை உர மையம். இங்க இருக்கற அத்தனை வீட்டுக் காய்கறித் தோலு, வாழைப்பழத் தோலு, ஊசிப் போன சோறு எல்லாத்தையும் கொண்டாந்து கொட்டி, குழியில போட்டு ஒரமாக்கறாங்க. நாத்தம் தாங்காது. உங்களுக்கு வரலீங்களா? நல்லா இழுத்துப் பாருங்க. வரலியா? சளி புடிச்சிருக்குமாட்ட இருக்குது. போன வாரம் வீடு பாக்க வந்தவருக்கும் சளிதான்.

வாடகைக்கு வர்றவங்ககிட்ட மறைச்சுப் பேசற ஆளு நானில்லீங்க. கொட்டகை எப்புடி வந்துச்சுன்னு சொல்லிப்போடறேன். அப்பத்தான் இங்க இருக்கற ஜனங்க எப்பேர்ப்பட்டவங்கன்னு உங்களுக்குத் தெரியும். நாளைக்கு நீங்களும் இவங்க மூஞ்சியிலதானே முழிக்கோணும்?

என் பேரு தெய்வசிகாமணி. குறிஞ்சி கார்டன் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் செயலாளர். யாரு என்ன சொன்னாலும் இன்னிக்கு வரைக்கும் செயலாளர் நாந்தான். அதுக்கு முந்தி ஒரு கூட்டுறவுச் சங்கத்துல செயலாளரா இருந்து ரிட்டையர் ஆனவன். அந்த வேலையில நான் கத்துக்கிட்டது என்னன்னா, கூட்டம் போடறதுக்கு மொத நாளே தீர்மானத்தை எழுதி வெச்சுரோணும். 'ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது'ன்னு கடைசி வரி வரைக்கும் எழுதி வெச்சுரோணும். ஜனங்க வருவாங்க, மிக்சர் திம்பாங்க, டீ குடிப்பாங்க, காட்டற எடத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாங்க. ஒருத்தன் படிச்சுப் பாத்ததில்லை. படிக்கறேன்னு ஒருத்தன் ஆரம்பிச்சா, பின்னால நிக்கறவன் வண்டி போயிரும்னு அவனைத் தள்ளுவான். சங்கம் நல்லாத்தான் நடந்துச்சு.

இந்தப் பக்கத்து எடம் ரிசர்வ் சைட்டுங்க. லேஅவுட்டு போடறப்பப் பொதுக் காரியத்துக்குன்னு விட்ட எடம். பார்த்தீனியம் ஆளு ஒசரத்துக்கு மண்டிக் கெடந்துச்சு. கல்யாண மண்டபத்துக்காரன் எச்சில் இலையைக் கொண்டாந்து தட்டிட்டுப் போவான், பன்னி மேயும். அப்ப நாத்தம் அடிக்கலியான்னு கேக்கறீங்க. அடிச்சுதுங்க. கொடலைப் பொரட்டும். ஆனா அது யாரோ ஒருத்தன் திருட்டுத்தனமாக் கொட்டுன நாத்தம். இது ஆபீசருங்க வந்து ரிப்பன் வெட்டித் தொறந்து வெச்ச நாத்தம். ரெண்டும் ஒண்ணாகுமுங்களா?

அப்பத்தான் மாநகராட்சி திட்டத்துல இருந்து நேத்ரான்னு ஒரு புள்ள வந்துச்சு. கழுத்துல அட்டை, கையில டேப்லட்டு, தலையில ஒரு நரை கெடையாது. இந்தச் சைட்டுல என்ன வரோணும்னு மக்களே முடிவு பண்ணப் போறாங்களாம். அதுக்கு ஒரு ஆப்பாம். போனுக்கு ஒரு ஓட்டாம். 'மக்கள் பங்கேற்பு இருந்தாத்தான் சார் இது பசுமை நகரம், புத்திசாலி நகரம்'னு என்னைய உக்கார வெச்சுப் பாடம் நடத்துச்சு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. நம்ம ஜனங்க எதுலீங்க பங்கேற்பாங்க? பந்தியில பங்கேற்பாங்க. தண்ணி வரலைன்னா செயலாளரைத் திட்டறதுல பங்கேற்பாங்க. இவங்க கூடி முடிவெடுத்து நகரம் புத்திசாலியாகறதுன்னா, அது நம்ம காலத்துல நடக்காது.

ஆனா அந்தப் புள்ள போறப்ப ஒண்ணு சொல்லிட்டுப் போச்சு. எந்த நகர்ல எல்லாப் போன்லயும் ஓட்டு விழுந்து மொதல்ல நூறு சதவீதம் வருதோ, அதுக்குக் கேடயமாம். கமிஷனர் கையால குடுப்பாங்களாம். அந்தா டி.வி. பக்கத்துல இருக்குது பாருங்க, அதேதான். எடுத்துப் பாக்கலாம், பரவால்லை. கனமா இருக்குமுங்க.

எப்புடி வாங்குனேன்னு கேளுங்க. ஞாயித்துக்கெழமை காலையில ஆப்பை என் போன்ல ஏத்திக்கிட்டு வீடு வீடாப் போனேன். 'உங்க நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க'ன்னேன். சொல்லிட்டாங்க! யாருக்கும் ஓ.டி.பி. சொல்லாதீங்கன்னு பேங்க்குக்காரன் தெனமும் தொண்டை கிழியக் கத்தறான். நான் கேட்டதும் கோலத்துல இருந்து நிமிராமயே சொன்னாங்க, தோசைக் கரண்டியோட வந்து சொன்னாங்க. எதிர்வீட்டு இராஜமாணிக்கம் குளிச்சுட்டு இருந்தாரு. உள்ள இருந்தே 'போன் சார்ஜ்ல கெடக்குது, பாத்து எடுத்துக்குங்க'ன்னு கத்துனாரு. நான் ஒவ்வொண்ணா ஓட்டைப் போட்டேன். எதுக்குப் போட்டேன்னா, மொத பட்டனுக்குப் போட்டேன். அதுதான் மேல இருந்துச்சு. கீழ எறங்கிப் பாக்கறதுக்குள்ள அடுத்த நகர்க்காரன் நூறு அடிச்சுட்டான்னா என்ன பண்றது?

ஆரோக்கியமேரி டீச்சர்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. 'எதுக்குங்க ஓட்டு, குடுங்க நான் படிக்கறேன்'னு கைய நீட்டுச்சு. 'திட்ட வெவரமே பதினாறு பக்கம் இருக்குது டீச்சர், நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க, பேப்பர் திருத்தற பழக்கம் இன்னும் போகலையா'ன்னு கேட்டேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ஓ.டி.பி.யச் சொல்லிருச்சு. எங்க வீட்டம்மா கலாமணி போன் அடுப்படியில கெடந்துச்சு. அவ மாடியில துணி காயப் போட்டுட்டு இருந்தா. எடுத்தேன், போட்டேன், இருந்த எடத்துலயே வெச்சுட்டேன். அவளைக் கூப்பிட்டுக் கேக்கறதுக்கு அதுல என்னங்க இருக்குது?

நூறு சதவீதம். கமிஷனர் கை குலுக்குனாங்க. இந்த இராஜமாணிக்கம் அன்னிக்கு நான் வர்றப்ப மாலை போட்டு, போட்டோவுல என் தோளு மேல கை போட்டுக்கிட்டு நின்னாரு.

அப்பறம் ஒரு நாள் ஜே.சி.பி. வந்து குழி தோண்டுச்சு. என்னடான்னு பாத்தா, மொத பட்டன் குப்பைக் கொட்டகையாம். நடைபாதை, பெஞ்சு, சோலார் லைட்டு வெச்ச பூங்கா ரெண்டாவது பட்டனாம். இராஜமாணிக்கமும் இன்னும் நாலு பேரும் இதே ஹால்ல வந்து குதிச்சாங்க. 'எங்களைக் கேக்காம எப்புடிப் போட்டீங்க'ன்னு. நான் அசரலியே. 'ஓ.டி.பி. சொன்னது யாரு? உங்க வாயிதானே? அப்ப அது உங்க ஓட்டுத்தான்'னு சொல்லிப்போட்டேன். முணுமுணுத்துக்கிட்டே செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அந்த நேரத்துல கொட்டகை அந்தக் கடைசி மூலையில வரும்னு நெனைச்சுக்கிட்டிருந்தேங்க. அங்க இராஜமாணிக்கத்தோட மச்சினன் வீடு. என் சுவத்தை ஒட்டித்தான் வருதுன்னு மேப்புல பதினாலாம் பக்கத்துல போட்டிருந்தாங்களாம். பதினாலாம் பக்கத்துல போடற விசயமாங்க அது?

இப்ப அந்தத் தகரத்துக்கு மேல ஒரு கருப்புப் பலகை இருக்குது பாருங்க, ராத்திரியானா எரியும். நாத்தத்தை அளக்கற மிஷினு. பச்சையில 'நன்று'ன்னு காட்டும். நான் மூக்கைப் புடிச்சுக்கிட்டு இங்க நிக்கறேன், அது 'நன்று'ங்குது. ஆப்புல புகார் போட்டேன். கூட்டிப் பெருக்கின தரையை ஒரு போட்டோ புடிச்சுப் போட்டு 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது'ன்னாங்க. மறுபடி போட்டேன். மறுபடி தீர்த்துட்டாங்க. என் மூக்கை நம்பறதா, மிஷினை நம்பறதான்னு அந்த நேத்ராப் புள்ளகிட்டக் கேட்டேன். 'ரெண்டையும் கேட்டுக்கலாம் சார், மத்தவங்க மூக்கையும் கேட்டுப் பாப்போம்'னுச்சு. பேசத் தெரியுது, வேற ஒண்ணும் தெரியலை.

சரி, நாத்தத்தைக் கூடப் பொறுத்துக்கலாங்க. கலாமணியத்தான் பொறுக்க முடியலை. மொதல்ல தெனமும் காலையில வாளியில தோலைக் கொண்டு போய்க் கொட்டிட்டு வந்தா. அப்பறம் கொட்டிட்டு நின்னா. அப்பறம் அங்கயே உக்காந்துக்கிட்டா. டீச்சரு, இவ, இன்னும் நாலஞ்சு பொம்பளைங்க கையுறையை மாட்டிக்கிட்டுக் குழியக் கெளறறாங்க. மூணு வாரத்துக்கு ஒருக்காச் சலிக்கறாங்க. குழிக்குள்ள ஒரு கம்பி சொருகியிருக்குது, உள்ள எவ்வளவு சூடுன்னு இவ போன்ல காட்டும். எந்திரிச்சதும் மொதக் காரியமா அதைத்தான் பாக்கறா. எனக்குக் காப்பி அதுக்கு அப்பறம். எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்துக் கெடந்தேன், 'மாத்திரை மேசை மேல இருக்குதுங்க'ன்னுட்டுக் குழிக்குச் சூடு பாக்கப் போயிட்டா.

அங்க இருந்து சிரிக்கற சத்தம் கேக்குமுங்க. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம். மொத நாள் கேட்டப்ப யாரோ புதுசா வந்த பொம்பளைன்னு நெனைச்சேன். எட்டிப் பாத்தா இவ. வேற நகர்ல இருந்து ஆளுங்க பாக்க வர்றாங்க, அவங்களுக்கு இவதான் நின்னு வெளக்கஞ் சொல்றா. எங்கிட்ட முழுசா நாலு வார்த்தை பேசாதவ. எனக்கு இந்த வீட்டுல தனியா உக்காந்திருக்கப் புடிக்கலீங்க. அதை எதுக்கு மறைக்கோணும்? மத்தியானம் ஆனா வீடு ஹோன்னு இருக்குது. அந்தக் கொட்டகை போனாத்தான் அவ வீட்டுக்குள்ள வருவா. எனக்குக் கேடயமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், அதை எடுத்தாப் போதும்னு ஆயிருச்சு.

அதுக்கும் ஒரு வழி கெடைச்சுது. கொட்டகை ஆறு மாசத்துக்குச் சோதனை முயற்சிதானாம். நிரந்தரமாக்கலாமா, எடுத்துரலாமான்னு கருத்துக் கேக்கற கூட்டம் போட்டாங்க. அதே சைட்டுல, சாமியானாப் பந்தல் போட்டு. நான் வழக்கம்போல மொத நாளே தீர்மானத்தை எழுதிட்டேன். 'உர மையத்தை உடனடியாக அகற்றுவதென ஒருமனதாக'ன்னு. வீடு வீடாப் போய்ச் சொன்னேன். 'ஆகட்டுங்க, பாத்துக்கலாங்க'ன்னு எல்லாரும் தலையாட்டுனாங்க. நான் நம்புனேன். எனக்கு வேணும்.

கூட்டத்துல தீர்மானத்தை எந்திரிச்சு நின்னு படிச்சேன். நேத்ராப் புள்ள ஒரு பெரிய டி.வி.ய வெச்சு, 'சார், இது வேணும்னு நூறு சதவீதம் பேர் நீங்கதானே ஓட்டுப் போட்டிருக்கீங்க'ன்னு காட்டுச்சு. அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். 'அந்த ஓட்டு ஒண்ணு கூட இவங்க போட்டதில்லை. அத்தனையும் நான் போட்டது. அது செல்லாது'ன்னேன்.

தைரியம் வேணுமுங்க அப்புடிச் சொல்றதுக்கு. அந்தப் புள்ள மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. அப்பறம் மைக்கைப் புடிச்சு, 'யாரெல்லாம் உங்க ஓட்டை நீங்க போடலையோ, எழுந்து சொல்லுங்க. அதை நீக்கிட்டு, இப்பவே உங்க கையால போடலாம்'னுச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கலை. கை தூக்குவாங்கன்னு திரும்பிப் பாத்தேன்.

ஒருத்தன் அசையலீங்க. இராஜமாணிக்கம் உக்காந்த எடத்துல இருந்தே, 'என் ஓட்டை நாந்தாம்மா போட்டேன்'னாரு. 'யோவ், நீ குளிச்சுட்டு இருந்தே'ன்னேன். 'அது வேற நாளுங்க'ன்னு சிரிக்காமச் சொன்னாரு. டீச்சரு, 'நானும் படிச்சுப் பாத்துத்தாம்மா போட்டேன், பதினாறு பக்கமும்'னுச்சு. பச்சைப் பொய்! முப்பது வருசம் புள்ளைங்களுக்குப் பாடம் நடத்துன வாயி! அடுத்தவங்களும் அதே, அதுக்கு அடுத்தவங்களும் அதே. அன்னிக்கு ஏண்டா போட்டேன்னு எங்கிட்டச் சண்டைக்கு வந்த கூட்டம், இன்னிக்கு அதே ஓட்டை எம்மவனேன்னு கட்டிப் புடிச்சுக்குது. எனக்கு எதிராப் பேசறதுக்காக எந்தப் பொய்யும் சொல்லுவாங்க. இவங்களுக்காகத்தான் நான் ஓடி ஓடி ஒழைச்சேன்.

அப்ப ஒருத்தி எந்திரிச்சா. கலாமணி.

எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சுங்க. என்ன இருந்தாலும் நம்ம பொண்டாட்டி, ஊரே எதுத்தாலும் விட்டுக் குடுப்பாளான்னு நெனைச்சேன். கையில இன்னும் அந்தக் கையுறை. கழட்டி இடுப்புல சொருகிக்கிட்டு, 'என் ஓட்டு நான் போட்டது இல்லீங்க. அன்னிக்கு நான் மாடியில இருந்தேன். அதை எடுத்துருங்க'ன்னா. அந்தப் புள்ள எடுத்துருச்சு. டி.வி.யில நூறு கொறைஞ்சுது. கேடயம் வாங்குன நூறுங்க, எனக்கும் வலிச்சுது. ஆனாலும் 'இப்ப என்ன சொல்றே'ன்னு இராஜமாணிக்கத்தைத் திரும்பிப் பாத்தேன்.

'இப்ப நான் போடலாங்களா?'ன்னு கேட்டா கலாமணி. போடுங்கன்னாங்க. முன்னால வந்தா. போன்ல ஓ.டி.பி. வந்து விழுந்த சத்தம் கேட்டுச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன், போனை வாங்கறதுக்குக் கைய நீட்டுனேன். பழக்கந்தானுங்க. அவ என்னையத் திரும்பிக்கூடப் பாக்கலை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டுப் படிக்க ஆரம்பிச்சா.

பதினாறு பக்கமும் படிச்சா. நின்ன எடத்துல, வெரலால ஒவ்வொண்ணா மேல தள்ளித் தள்ளி, வாயி அசைய அசைய. ஒரு எடத்துல அந்தப் புள்ளகிட்ட, 'குழிக்குக் காத்து அடிக்கற இந்தப் பம்பு வாரண்டி யாரு பேர்ல?'ன்னு கேட்டா. பதிலை வாங்கிக்கிட்டு மறுபடி படிச்சா. கொண்டாந்து வெச்ச டீ ஆடை கட்டிப் போச்சு. என் கூட்டத்துல மிக்சர் தீந்தா ஓடிப் போற ஜனங்க, ஒருத்தன் எந்திரிக்கலீங்க. குழந்தை அழுதாக்கூட வெளிய கொண்டு போய்ச் சமாதானம் பண்ணிட்டு வந்து உக்காந்தாங்க. ஒரு பொம்பளை போன் படிக்கறதுல வேடிக்கை பாக்க என்ன இருக்குது?

கடைசியில ஒரு பட்டனை அமுக்குனா. எது தெரியுமுங்களா? அதே மொத பட்டன்! டி.வி.யில மறுபடி நூறு. அத்தனை பேரும் கை தட்டுறாங்க. நான் எதைப் போட்டேனோ அதையே போடறதுக்கு எதுக்குங்க இத்தனை ஆர்ப்பாட்டம்? நான் அங்கயே எந்திரிச்சுச் சொன்னேன், 'பாத்துக்குங்க, எம் பொண்டாட்டி மனசுல என்ன இருக்குதுன்னு அவளைக் கேக்காமயே எனக்குத் தெரிஞ்சிருக்குது'ன்னு. ஒருத்தரும் சிரிக்கலை. அவளுந்தான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன், 'ஏம்புள்ள, கொட்டகை வேணும்னா கம்முன்னு உக்காந்திருக்கலாமில்ல? உன் ஓட்டு ஏற்கெனவே அங்கதானே இருந்துச்சு? எதுக்கு எந்திரிச்சு என் மானத்தை வாங்குனே?'ன்னு. அவ கை கழுவிட்டு வந்து சோத்தைப் போட்டா. எனக்குப் புடிச்ச பச்சைப்பயறுக் கொழம்புதான். 'ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா'ன்னு கேட்டா. கோவமெல்லாம் இல்லீங்க அவளுக்கு. அதுதான் எனக்குப் புரிய மாட்டேங்குது.

அன்னியில இருந்து போனுக்கு ஒரு லாக்குப் போட்டுட்டா. நாலு எண்ணு. என்னான்னு கேட்டேன், 'எதுக்குங்க உங்களுக்கு'ங்கறா. அவ குளிக்கப் போனப்ப எடுத்துப் பாத்தேன். தப்பா நெனைக்காதீங்க, குழி எவ்வளவு சூடு காட்டுதுன்னு பாக்கலாம்னுதான். எங்க கல்யாண நாளைப் போட்டேன், தொறக்கலை. என் பொறந்த நாளைப் போட்டேன், தொறக்கலை. மக பொறந்த நாளு, பேத்தி பொறந்த நாளு, இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சுன நாளு, எல்லாம் போட்டாச்சு, ஒண்ணுக்கும் தொறக்க மாட்டேங்குது. நானும் உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். இதையெல்லாம் விட்டா அவளுக்குன்னு வேற என்ன நாளுங்க இருக்குது?